கோல்ஃப் தரையில் தண்ணீர் தேங்குகிறது: புல்லைப் பெயர்த்துவிடலாமா?

பாவூர்சத்திரத்தான்:
குற்றாலம் போகும் சாலையில் ஒரு விடுதியைப் பார்த்துக்கொள்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பிய முதலாளி, கோல்ஃப் பந்தை உருட்டிப் பழகப் பின்பக்கம் சின்னதாக ஒரு கிரீன் (ஒட்ட வெட்டிய புல்தரை) போட்டிருக்கிறார். அடியில் மணல், மேலே நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக வந்த புல். சாரல் விழுந்தால் தண்ணீர் மேலேயே நிற்கிறது. இரண்டு நாள் வெயில் அடித்தால் அதே இடம் மஞ்சளாகிவிடுகிறது. நடுநடுவே கோரை வேறு. நர்சரிக்காரர் யூரியா போடச் சொன்னார். போட்டதில் கோரைதான் கொழுத்தது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் பதிக்கலாம் என்கிறார் முதலாளி. செய்யலாமா?

பேட்டைவாசி:
எங்கள் பள்ளி மைதானத்தில் செம்மண் தூவி மட்டப்படுத்தினோம், நன்றாக வந்தது. அதையே செய்து பாருங்கள்.

கடனாநதிக்காரர்:
தம்பி, பெயர்க்கவும் வேண்டாம், செம்மண் தூவவும் வேண்டாம். பேட்டை அண்ணாச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது. பந்து விளையாடும் மைதானம் வேறு, இது வேறு. துபாயில் கோல்ஃப் மைதானத்தில் கிரீன் பராமரிப்பில் இருந்தவன், இப்போது அம்பாசமுத்திரம் பக்கம் வயல் பார்க்கிறேன்.

மஞ்சளான இடத்தில் கத்தியால் அரைச் சாண் ஆழத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுங்கள். மேலே விரல் கனத்துக்குச் செம்மண் இருக்கும். அது நர்சரியிலிருந்து புல்லோடு வந்த மண். வேர்கள் அதற்குள்ளேயே சுருண்டுகிடக்கும், மணலுக்குள் இறங்கியிருக்காது. முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை அடித்தால் வேருக்குக் காற்றே போகவில்லை என்று பொருள். நுண்ணிய மண் தன்னிடமுள்ள தண்ணீரை அடியிலிருக்கும் பருமணலுக்குச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறையில் சரளைக்கு மேல் சுமார் 30 செ.மீ. மணல் கலவை போடுவதும் இந்தக் குணத்தை நம்பித்தான். அங்கே ஈரம் அடியில் தங்குவதால் வேர் அதைத் தேடி இறங்கும். உங்கள் தரையில் மேலேயே தங்கிவிட்டது. புதுப் புல்லும் இதே செம்மண்ணோடுதான் வரும்; காசுதான் வீண். வாங்கியே தீர வேண்டுமென்றால் மண்ணைக் கழுவிவிட்டுப் பதியுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது துளை போடுவது. அரை அங்குல இரும்புக் குழாயின் வாயைக் கூராக்கி 4 அங்குல ஆழம் குத்தி, மண்ணை உருளையாக வெளியே எடுக்க வேண்டும். வெறும் கம்பியால் குத்தினால் சுற்றுமண் இன்னும் இறுகும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு துளை. இடுப்பு ஒடியும், ஆள் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த செம்மண்ணை அள்ளிவிட்டு, காய்ந்த மணலைக் கொட்டித் துடைப்பத்தால் துளைகளுக்குள் தள்ளுங்கள். தாமிரபரணி மணலுக்கு ஆசைப்படாதீர்கள். திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் பார்க்க அழகு, ஆனால் மிக நைசு, இதற்கு ஆகாது. தூசு போகக் கழுவிய எம்-சாண்டைச் சலித்துப் போடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட்டால், புல் படர்ந்து துளைகளை மூடிக்கொள்ளும்.

கோரையைப் பிடுங்காதீர்கள். தண்டு கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து மறுபடி முளைக்கும். களைக்கொட்டால் கிழங்கோடு தோண்டுங்கள். தேங்கும் தண்ணீர் வடிந்தாலே அதன் கொட்டம் பாதி அடங்கிவிடும்.

என்ன புல் என்று சொல்லவில்லையே? கொரியன் புல் என்றால் பந்து உருளும் அளவுக்கு ஒட்ட வெட்டுவது சிரமம்.

பாவூர்சத்திரத்தான்:
வெட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி. செம்மண், சுருண்ட வேர், வாடை எல்லாம் சொன்னபடியே இருக்கிறது. புல் அருகம்புல் போலத்தான், இலை இன்னும் மெல்லிசு. முதலாளி 3 மில்லிமீட்டருக்கு வெட்டச் சொல்கிறார். வெட்டினால் நுனி வெளுத்துப் பிய்கிறது.

கடனாநதிக்காரர்:
அப்படியானால் கலப்பின அருகு வகையாகத்தான் இருக்கும், நல்லது. ஆனால் நொந்துகிடக்கும் புல்லுக்கு 3 மி.மீ. இப்போது வேண்டாம். 6இல் வையுங்கள், வேர் இறங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். நுனி பிய்கிறதென்றால் கத்தி மழுங்கியிருக்கிறது. புல் வெட்டும் இயந்திரத்தின் சுழல் கத்திக்கும் அதன் கீழே இருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டைக் கொடுத்து, விரல் படாமல் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மடங்கினாலோ கிழிந்தாலோ சாணை பிடிக்கக் கொடுங்கள்.