கத்தரி நாத்த நத்தை தின்னு அழிக்குது, உப்பு தூவலாமா?

மண்டபம்வீட்டுத்தோட்டம்:
எங்க வீடு மண்டபம் பக்கம், பின்னாடி கத்தரி, தண்டுக்கீரை, ரெண்டு பப்பாளி நிக்குது. ஐப்பசி மழை விழுந்ததுல இருந்து பெரிய பெரிய நத்தையா வருது, ராத்திரியோட ராத்திரியா நாத்த அடியோட தின்னுட்டு போயிருது, காலையில பாத்தா சுவத்துல பளபளன்னு கோடு மட்டும்தான். பப்பாளி பட்டையக்கூட சொரண்டிருக்கு. ஓடு இல்லாத கறுப்பு நத்தை வேற தொட்டிக்கு அடியில ஒட்டிக் கெடக்கு. மாமியார் கல்லுப்ப பாத்தி பூரா தூவச் சொல்றாங்க, தூவலாமா? வீட்ல நாய் இருக்கு, சின்னப் பிள்ளையும் மண்ணுலதான் வெளையாடும், மருந்து வைக்க பயமா இருக்கு.

கீழக்கரைமாடி:
அக்கா தயவுசெஞ்சு பாத்தியில உப்பு போட்றாதீங்க. நத்தை சாகும், கூடவே செடியும் கருகும். நம்ம பக்கம் கிணத்துத் தண்ணியே கரிக்குது, இதுல மேல வேற உப்பக் கொட்டுனா அப்பறம் கீரை மொளைக்கவே மொளைக்காது.

தேவிபட்டினம்விவசாயி:
உப்பு வாளிக்குள்ளதான் இருக்கணும் தங்கச்சி, மண்ணுல கூடாது. பொழுது சாயுறப்ப நனைச்ச சாக்க பாத்தி ஓரமா விரிச்சு அதுக்கு அடியில முட்டைக்கோஸ் எலையோ பப்பாளி எலையோ போட்டு வைங்க, ராத்திரி டார்ச் அடிச்சு ஒரு தடவை, விடியக்காலையில சாக்கத் தூக்கி ஒரு தடவை பொறுக்கி, கெட்டியா உப்பு கரைச்ச வாளியில போட்டு மூடிருங்க, செத்ததும் ஆழமா குழி தோண்டி பொதைச்சிருங்க. வெறுங்கையில தொடாதீங்க, கையுறை போடுங்க, நத்தை ஒடம்புல இருக்குற ஒரு வகை புழு மனுஷனுக்குள்ள போனா மூளைக்காய்ச்சல் வரைக்கும் இழுத்து விட்டுரும், பிள்ளையையும் கிட்ட விடாதீங்க, கீரைய நல்லா அலசி வேக வச்சே சாப்பிடுங்க.

பெருசு ஆப்பிரிக்க நத்தையாத்தான் இருக்கணும், 1847ல மொரிஷியஸ்ல இருந்து கல்கத்தாவுக்கு கொண்டு வந்தது இப்ப எல்லா எடத்துலயும் பரவிருச்சு. ஒரு தடவைக்கே 100, 200 முட்டை மண்ணுக்குள்ள விடும், மிளகு சைஸ்ல வெளிர்மஞ்சளா குமிஞ்சு கெடக்கும், கொத்துறப்ப பாத்தா விடாம நசுக்கிருங்க. தேங்கா மட்டை, பழைய ஓலை, அடுக்கி வச்ச கல்லு எல்லாத்தையும் பாத்திய விட்டு தள்ளி வைங்க, பகல்ல அங்கதான் ஒளிஞ்சிருக்கும். தண்ணிய காலையில ஊத்துங்க, சாயங்காலம் ஊத்துனா ராத்திரி பூரா மண்ணு ஈரமா கெடக்கும், அதுகளுக்கு அதுதான் வேணும்.

பாம்பன்செடிப்பிரியர்:
நாய் இருக்குற வீட்ல மெட்டால்டிஹைடு குருணை, அதான் நத்தையக் கொல்ல வைக்குற மருந்து, வேணவே வேணாம். அந்த வாசத்துக்கு நாய் போய் தின்னுரும், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. மருந்து வச்சே ஆகணும்னா இரும்பு பாஸ்பேட் குருணை கெடைக்குதான்னு கேளுங்க, அது ஆபத்து கம்மி, ஆனாலும் மூட்டைய நாய்க்கு எட்டாம வைங்க.

மண்டபம்வீட்டுத்தோட்டம்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும், இன்னைக்கே சாக்கு போட்டுர்றேன். முட்டை ஓட்ட நொறுக்கிப் போட்டா தாண்டி வராதுங்கிறாங்களே, அடுப்புச் சாம்பலும் போடலாமா?

தேவிபட்டினம்விவசாயி:
முட்டை ஓட்டுக்கெல்லாம் அது நிக்காது தங்கச்சி, அதோட ஓட்டுக்கும் சுண்ணாம்புச்சத்து வேணும்ல, நம்ம கடக்கரை மணல்ல கிளிஞ்சல் தூளு ஏற்கனவே கெடக்கு. சாம்பல் காஞ்சிருக்குற வரைக்கும் கொஞ்சம் தடுக்கும், ஒரு மழைக்கு கரைஞ்சிரும். மழை நின்னப்பறமும் விட்றாதீங்க, பங்குனி சித்திரையில ஓட்டு வாய மூடிக்கிட்டு கல்லுக்கு அடியில, சுவத்து இடுக்குல அசையாம கெடக்கும், அப்ப தேடி எடுத்தா அடுத்த ஐப்பசிக்கு பாதி வேலை மிச்சம்.