டைவிங் கருவிகள் வாடகையா, சொந்தமா? 12 நாளில் பயணம், அவசர உதவி தேவை

நுரைப்பூ
வணக்கம். அவசரமாக ஓர் ஆலோசனை வேண்டும். இன்னும் 12 நாளில் டைவிங் போகிறோம். போன தடவை வாடகைக்கு எடுத்த ரெகுலேட்டரில் (டாங்க்கிலிருந்து மூச்சுக்காற்று தரும் கருவி) ஒவ்வொரு மூச்சுக்கும் வாயில் உப்புத் தண்ணீர் வந்தது. 14 மீட்டர் ஆழத்தில் இருமல் வந்து பயந்தே போய்விட்டேன். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது. முழு செட்டையும் சொந்தமாக வாங்கிவிடலாமா, இல்லை வாடகையே போதுமா? ஒரு ரெகுலேட்டர் கைக்கு வருகிற மாதிரி இருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். நன்றி.

சங்கு
இதுவரை எத்தனை டைவ்? வருடத்தில் எத்தனை நாள் தண்ணீரில் இருப்பீர்கள்? போகிற இடத்தில் தண்ணீர் எவ்வளவு குளிர்? விமானத்தில் எத்தனை கிலோ அனுமதி? "கைக்கு வருகிற மாதிரி" என்றால் புதியதா, யாராவது பயன்படுத்தியதா? இதெல்லாம் தெரியாமல் யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான்.

பவளம்_83
யோசிக்கவே வேண்டாம், வாங்கிவிடுங்கள். நான் 30 டைவ் வரை வாடகைக்கு எடுத்து, ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு மாதிரி பிசிடியோடு (காற்று ஊதி மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) மல்லுக்கட்டியிருக்கிறேன். காற்றை வெளியேற்றும் கயிறு ஒன்றில் வலது தோளில் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இடுப்பருகே இருக்கும். பதற்றத்தில் கை தேடும்போது அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். சொந்தக் கருவி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

முத்துக்குளிப்பான்
தம்பி, இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்தாயிற்று, தேடிப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். வாயில் தண்ணீர் வருவது பெரும்பாலும் கருவியின் குற்றமல்ல. புதியவர்கள் உதட்டை இறுக்க மாட்டார்கள், பல்லால் மட்டும் கடிப்பார்கள். அல்லது தலைகீழாகத் தொங்கிப் பாறைக்குள் எட்டிப் பார்ப்பார்கள். ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜில் வெளிமூச்சு வால்வு கீழ்ப்பக்கம் இருக்கும். அது மேலே போய்விட்டால் உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லை. புதுக் கருவி வாங்கினாலும் அதே தண்ணீர்தான் வரும். முதலில் பயிற்சி.

ஆழி
நுரைப்பூ, ஒரே ஒரு கேள்வி. தண்ணீர் வந்தபோது ஆக்டோபஸுக்கு, அதாவது உபரி செகண்ட் ஸ்டேஜுக்கு, மாறிப் பார்த்தீர்களா? அதிலும் வந்ததா?

சங்கு
நல்ல கேள்வி. இன்னொன்று, கண்ணாடி போடுகிறவரா?

நெத்திலி
எல்லாவற்றையும் வாங்கினாலும் டாங்க்கையும் ஈயக் கட்டிகளையும் போகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும், அதை மறக்க வேண்டாம். அப்புறம் எடைக் கணக்கு. ரெகுலேட்டர், ஆக்டோபஸ், காற்றழுத்தம் காட்டும் கேஜ் சேர்த்து சுமார் இரண்டரை முதல் 3 கிலோ. சாதாரண பிசிடி 3 முதல் 4 கிலோ, பயணத்துக்கென்றே செய்தது என்றால் 2 கிலோவை ஒட்டி வரும். ஃபின், பூட்டி, வெட்சூட் எல்லாம் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோவைத் தொடும். 20 அல்லது 23 கிலோ அனுமதியில் பாதி அங்கேயே போயிற்று. திரும்பும்போது வெட்சூட் சரியாகக் காயாவிட்டால் இன்னும் கனக்கும்.

பவளம்_83
கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவில் எப்படியும் காத்திருக்கத்தானே வேண்டும், அதற்குள் காய்ந்துவிடும். டான் என்ற டைவிங் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டுதல்படி, டீகம்ப்ரஷன் நிறுத்தம் (மேலே வரும்போது உடம்பில் ஏறிய நைட்ரஜன் வெளியேற இடையில் நிற்பது) தேவைப்படாத ஒரே டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம்.

நெத்திலி
நிழலில் தொங்கவிட்ட 5 மி.மீ. சூட் 18 மணி நேரத்தில் காய்ந்து நான் பார்த்ததில்லை. கடலோரக் காற்றே ஈரம். 3 மி.மீ. என்றால் ஒருவேளை காயலாம்.

நுரைப்பூ
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். இதுவரை 11 டைவ். வருடத்துக்கு ஒரு பயணம், 6 முதல் 8 டைவ். தண்ணீர் 28 டிகிரி. கண்ணாடி உண்டு, இரண்டு கண்ணிலும் மைனஸ் 4.5. போன தடவை கண்ணாடி இல்லாமலேதான் இறங்கினேன். கேஜை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துதான் படித்தேன். ரெகுலேட்டர், கூட வேலை பார்ப்பவர் விற்பது. பயன்படுத்தியதுதான், ஆனால் புதிது போல இருக்கிறது. ஆக்டோபஸுக்கு மாறினேன், அதில் தண்ணீர் வரவில்லை. மீதி டைவை அதிலேயே முடித்தேன். அப்புறம், நான் தம்பி இல்லை, பெண்.

ஆழி
பாதி விடை இதிலேயே இருக்கிறது. முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நமக்கு ஒரு நாள் மிச்சம்.

பாருங்கள். அதே டாங்க், அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (ரெகுலேட்டரில் டாங்க்கோடு மாட்டும் பகுதி), அதே ஆழம், அதே வாய். ஆக்டோபஸில் தண்ணீர் வரவில்லை என்றால் உங்கள் மூச்சிலும் பயிற்சியிலும் பழுது இல்லை. பழுது அந்த ஒரு செகண்ட் ஸ்டேஜில். அங்கே தண்ணீர் புக வழிகள் சிலதான்: மவுத்பீஸ் (பல்லால் கடிக்கும் ரப்பர்) கிழிசல், வெளிமூச்சு வால்வின் விளிம்பில் ஒரு மணல் துகள் அல்லது மடிப்பு, டயஃப்ரம் என்ற ரப்பர் தகடு சரியாக உட்காராதது, கூடு விரிசல்.

இதில் அதிகம் பார்ப்பது மவுத்பீஸ்தான். சும்மா பார்த்தால் தெரியாது. மவுத்பீஸைச் செகண்ட் ஸ்டேஜோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டை கட்டியிருக்கும். அந்த டையை ஒட்டிய விளிம்பில், கீழ்ப்பக்கமாக, தலைமுடி அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். ரப்பரை இரண்டு விரலால் இழுத்து விரித்தால்தான் வாய் திறக்கும். கரையில் மூச்சு விட்டுப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது, ஏனென்றால் காற்றுக்குள் காற்று கசிந்தால் யாருக்குத் தெரியப் போகிறது. தண்ணீருக்குள் தாடை இறுகிக் கடித்ததும் கீறல் விரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். டாங்க்கில் மாட்டும் முன், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடி இறுக்கமாக இருக்கும்போது, செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். நாக்கை இழுத்துப் பிடிக்கிற மாதிரி வெற்றிடம் வர வேண்டும், அது அப்படியே நிற்க வேண்டும். துளி காற்று வந்தாலும் அதை வாங்காதீர்கள், வேறு கேளுங்கள். ஆக்டோபஸிலும் இதே மாதிரி செய்யுங்கள். அவசரத்தில் மற்றவர் வாய்க்குப் போவது அதுதான்.

முத்துக்குளிப்பான்
சரி, ஆக்டோபஸ் விஷயம் தெரிந்தபின் ஆழி சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி, முதல் டைவுக்கு முன் கருவியைச் சோதிப்பது அடிப்படைப் பாடம். 11 டைவ் ஆனவர் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் சொல்லிக்கொடுத்தவர் சரியில்லை.

சங்கு
அவர் பயந்ததைச் சொல்லி உதவி கேட்கிறார். 14 மீட்டரில் இருமிக்கொண்டே ஆக்டோபஸுக்கு மாறியிருக்கிறார், மேலே பாயவில்லை. சொல்லிக்கொடுத்தவர் அதையாவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

நுரைப்பூ, அந்த ரெகுலேட்டர் கடைசியாக எப்போது சர்வீஸ் ஆயிற்று? டின்னா, யோக்கா? வாங்கும் முன் இரண்டையும் கேளுங்கள்.

நுரைப்பூ
கேட்டேன். 3 வருடமாக அலமாரியில்தான் இருந்ததாம், அதனால் தேய்மானமே இல்லை என்கிறார். டின், யோக் என்றால் என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. திருகி மாட்டுகிற மாதிரி இருக்கிறது.

சங்கு
திருகி மாட்டினால் அது டின். டாங்க் வால்வுக்குள் திருகி இறங்கும். யோக் என்பது வால்வைச் சுற்றி வளையம் போட்டுப் பின்னால் குமிழால் இறுக்குவது. நீங்கள் போகிற இடத்து டாங்க்குகள் யோக் வால்வாக இருந்தால் இது அப்படியே மாட்டாது, அடாப்டர் வேண்டும். சில வால்வுகளின் நடுவில் ஒரு செருகு இருக்கும், ஆலன் கீயால் அதைக் கழற்றினால் டின் மாட்டலாம். அங்கே எது என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். படகில் ஏறியபின் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

3 வருடம் அலமாரியில் இருந்தது நல்ல செய்தி இல்லை. ஓ-ரிங் காயும். உப்பைச் சரியாகக் கழுவாமல் வைத்திருந்தால் உள்ளே படிகமாகி உட்கார்ந்திருக்கும். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் ஒரு சிறிய உலோக வடிகட்டி தெரியும், டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. தினமும் பயன்பட்டு, தினமும் கழுவப்பட்டு, ஒழுங்காக சர்வீஸ் ஆகிற வாடகை ரெகுலேட்டர் இதைவிட நம்பகமானது.

பவளம்_83
12 நாள் இருக்கிறதே, சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிவிடலாமே.

சங்கு
கூடாது. சர்வீஸ் முடிந்த கையோடு பயணம் போவதுதான் நான் பார்த்த பெரிய தவறு. உள்ளே வால்வை மூடப் புதிதாகப் போட்ட சீட், அழுத்தத்தில் சில டைவ் போனபின்தான் தன் இடத்தில் உட்காரும். அதுவரை இடைநிலை அழுத்தம் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) மெல்ல ஏறி, செகண்ட் ஸ்டேஜ் குமிழி விட ஆரம்பிக்கலாம். என்னுடையது அப்படித்தான் முதல் நாளே படகில் சீறியது. குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுத்து, நீச்சல் குளத்திலாவது ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போக வேண்டும்.

நெத்திலி
என்னைக் கேட்டால் வருடாவருடம் சர்வீஸே வேண்டாம். ஒழுங்காக ஓடுவதை ஏன் பிரிக்க வேண்டும்? ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைத் தவறாக மாட்ட வாய்ப்பு இருக்கிறது.

முத்துக்குளிப்பான்
இது ஆபத்தான பேச்சு. வாரன்டியும் போகும், உயிரும் போகும். தயாரிப்பாளர் வருடம் ஒரு தடவை என்றால் வருடம் ஒரு தடவைதான்.

நெத்திலி
எல்லாத் தயாரிப்பாளரும் அப்படிச் சொல்வதில்லை. சிலர் வருடம் ஒரு முறை சோதனை, 2 வருடம் அல்லது 100 டைவுக்கு ஒரு முறை முழு சர்வீஸ் என்றுதான் கையேட்டில் போடுகிறார்கள். சோதனை வேறு, பிரிப்பது வேறு. ஒவ்வொரு பயணத்துக்கும் முன் கேஜ் போட்டு இடைநிலை அழுத்தம் பார்க்கிறேன், 9 முதல் 10 பாருக்குள் நிலையாக நிற்கிறதா என்று. நின்றால் பிரிக்க மாட்டேன்.

முத்துக்குளிப்பான்
எல்லோரிடமும் அந்த கேஜ் இல்லை. உங்கள் பழக்கத்தை 11 டைவ் ஆனவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நெத்திலி
அவருக்குச் சொல்லவில்லை, பவளத்துக்குத்தான் பதில்.

பவளம்_83
எனக்கா? நான் சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே.

ஆழி
கேட்டவரிடம் வருவோம்.

நுரைப்பூ, வருடத்துக்கு 8 டைவுக்கு முழு செட் வேண்டாம். ரெகுலேட்டர், பிசிடி, வெட்சூட், டாங்க், ஈயம் எல்லாம் வாடகைக்கே எடுங்கள். மூன்று பொருள் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஒன்று, பவர் லென்ஸ் மாஸ்க். 4.5 பவரோடு வெறும் மாஸ்க்கில் இறங்கியது எனக்குத் தண்ணீர் வந்ததைவிட அதிகக் கவலை தருகிறது. கூட வருபவர் காட்டும் சைகை தெரியாது. அரை அரை பவர் இடைவெளியில் தயார் லென்ஸ் மாட்டும் மாஸ்க்குகள் உண்டு, ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். பட்டை போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள், கீழே விழாமல் நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். புதுக் கண்ணாடியில் ஒரு படலம் இருக்கும். உட்புறத்தைப் பற்பசையால் நன்றாகத் தேய்த்துக் கழுவாவிட்டால் டைவ் முழுக்கப் பனி மூடும்.

இரண்டு, டைவ் கம்ப்யூட்டர், அதாவது கீழே இன்னும் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டுவது. வாடகைக் கம்ப்யூட்டர் நேற்று ஒன்று, இன்று ஒன்று என்று மாறினால், நேற்று உங்கள் உடம்பில் ஏறிய நைட்ரஜன் இன்று கையில் இருப்பதற்குத் தெரியாது. முந்தையவர் நைட்ராக்ஸ் 32-இல் (32 சதவீதம் ஆக்ஸிஜன் உள்ள காற்று) வைத்துவிட்டுப் போயிருப்பார், நீங்கள் சாதாரணக் காற்றில் இறங்குவீர்கள். அது உண்மையில் இருப்பதைவிட அதிக நேரம் மிச்சம் என்று காட்டும். வாடகைக்கே எடுப்பதானால் 21 (சாதாரணக் காற்று) என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு காலையும் பாருங்கள்.

மூன்று, ஒரு மவுத்பீஸ். சிறிய அளவு, கூட நாலைந்து பிளாஸ்டிக் டை. பெரும்பாலான செகண்ட் ஸ்டேஜ்களில் மாட்டும். சிறிய தாடைக்குப் பெரிய மவுத்பீஸ் கொடுத்தால் உதடு மூடாது, அதிலும் தண்ணீர் வரும். மாற்றிக் கொள்ளலாமா என்று டைவ் சென்டரில் கேட்டுவிட்டு, அவர்களையே மாட்டித் தரச் சொல்லுங்கள்.

சங்கு
மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் கைப்பையில் வரட்டும். பெட்டி தாமதமானாலும் மற்றதை அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பவர் லென்ஸை யாரும் தர முடியாது. டார்ச் இருந்தால் உபரி லித்தியம் பேட்டரியும் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை. கத்தி மட்டும் பெட்டிக்குள்.

பவளம்_83
பிசிடியையும் முந்தின நாளே பாருங்கள். முழுக்க ஊதிப் பத்து நிமிடம் விடுங்கள். தளர்ந்தால் வேறு கேளுங்கள். ஊதும் பொத்தானை அழுத்தி விட்டால் உடனே நிற்க வேண்டும், சிக்கிக்கொண்டு தானாக ஊதக் கூடாது. அளவும் முக்கியம், பெரிதாக இருந்தால் தண்ணீர் மேல் மிதக்கும்போது காதுவரை ஏறிவிடும். நான் இன்னும் சொந்தம்தான் நல்லது என்பேன், ஆனால் 20 டைவ் கழித்து, உங்களுக்கு எது பிடிக்கிறது என்று தெரிந்தபின்.

நெத்திலி
டாங்க் திறந்தபின் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஆடினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை, அல்லது வடிகட்டி அடைத்திருக்கிறது. இறங்க வேண்டாம்.

முத்துக்குளிப்பான்
தங்கச்சி, போய் வந்து என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். கேட்டுவிட்டு மறைந்துபோகிறவர்கள்தான் இங்கே அதிகம்.

சங்கு (9 நாள் கழித்து)
நுரைப்பூ, அந்த ரெகுலேட்டரை வாங்கவில்லையே?

நுரைப்பூ (4 வாரம் கழித்து)
எல்லோருக்கும் நன்றி, தாமதத்துக்கு மன்னிக்கவும். ரெகுலேட்டரை வாங்கவில்லை. பவர் மாஸ்க்கும் மவுத்பீஸும் வாங்கினேன், கம்ப்யூட்டர் அடுத்த வருடம். அங்கே கொடுத்த முதல் ரெகுலேட்டரை உறிஞ்சிப் பார்த்தேன், காற்று வந்தது. டைவ் மாஸ்டர் வாங்கி ரப்பரை இழுத்துப் பார்த்தார், டை பக்கத்தில் கீறல். அவரே என் மவுத்பீஸை மாட்டித் தந்தார். 7 டைவ், ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆமை பார்த்தேன், அதன் கண் இமைகூடத் தெரிந்தது.

நெத்திலி
மகிழ்ச்சி. வாடகைக் கம்ப்யூட்டர் எத்தனையில் இருந்தது, பார்த்தீர்களா?