ஓகஸ்ட்டில் பிள்ளைகளோடு கப்பல்: சிங்கப்பூரா, சென்னையா, பேசாமல் நெடுந்தீவா?

கொக்குவில்_அப்பா:
எல்லாருக்கும் வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி குடும்பம் ஓகஸ்ட்டில் வருகிறது. எல்லாரும் சேர்ந்து நாலு நாள் உல்லாசக் கப்பலில் போவோம் என்று அவள்தான் தொடங்கினாள். நாங்கள் எட்டுப் பேர். நான், மனைவி, மகள் (9), மகன் (4), தங்கச்சி, மச்சான், அவர்களின் பெடியன் (13), அப்புறம் அம்மா (71, சுத்த சைவம்). எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு உண்மையிலேயே நல்ல பொழுதுபோக்கு எந்தக் கப்பலில்? விளம்பரம் பார்த்தால் எல்லாக் கப்பலிலும் சறுக்கு இருக்கிறது, எல்லாப் பிள்ளையும் சிரிக்கிறது.

தீவகத்தான்:
குறிகட்டுவானுக்குப் போங்கள். ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. குதிரை, பெருக்கு மரம், முருகைக்கல் வேலி, ஒல்லாந்தர் கோட்டை எல்லாம் இருக்கிறது. மிச்சக் காசை வங்கியில் போடுங்கள்.

கடலோடி_பருத்தித்துறை:
தீவகத்தான் அண்ணை, அவர் கேட்டது வேறு. நான் கப்பல்களில் சாப்பாட்டு மண்டபத்தில் 11 வருடம் வேலை செய்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கொக்குவில் அண்ணை, முதல் கேள்வி சறுக்கு பற்றியது இல்லை. மகன் பம்பர்ஸை முற்றாக விட்டுவிட்டானா? பல பெரிய கப்பல்களின் சிறுவர் கிளப்புகளில் 3 வயதிலிருந்து சேர்ப்பார்கள், ஆனால் கழிப்பறைக்குத் தானாகப் போகத் தெரிந்திருக்க வேண்டும். இரவுக்கு மட்டும் பம்பர்ஸ் என்றால் பரவாயில்லை. பகலில் கட்டுகிறான் என்றால் கிளப்பும் இல்லை, பெரிய நீச்சல் தடாகமும் இல்லை. தண்ணீருக்குப் போடும் பம்பர்ஸ் போட்டாலும் விடமாட்டார்கள்.

இரண்டாவது, வயதுப் பிரிவு. ரோயல் கரிபியன் கம்பனியின் கப்பல்களில் பிள்ளைகளை வயதுப்படி பிரிப்பார்கள், பதின்ம வயதுக்காரருக்கு வேறு இடம். அதாவது உங்கள் மூன்று பிள்ளைகளும் மூன்று அறைகளில். அக்கா தம்பியைப் பார்ப்பாள் என்று நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, உயரம். அதே கம்பனியின் குவாண்டம் வகைக் கப்பல்களில் செயற்கை அலையில் சறுக்கும் இடம் உண்டு. படுத்தபடி சறுக்கவே 132 சென்ரிமீற்றர் வேண்டும், நின்று சறுக்க 147. மகளைக் கதவு நிலையோடு நிறுத்தி இன்றே அளந்து பாருங்கள். வரிசையில் நின்று, முறை வந்த பிறகு "நீ குள்ளம்" என்று திருப்பி அனுப்பினால் அந்த அழுகை நாலு நாளும் ஓயாது. நான் பார்த்திருக்கிறேன்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்:
ஓ, எட்டுப் பேர் சேர்ந்து இருக்கத்தான் கப்பல். அதில் மூன்று பிள்ளைகளை மூன்று அறைக்குள் அடைத்துவிட்டுப் பெரியவர்கள் கதிரையில் சாய்ந்திருப்பது. இதற்குப் பெயர் பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கா, பெற்றோருக்கான ஓய்வா? ரொறன்ரோப் பெடியன் நாலு வருடத்துக்கு ஒருமுறைதான் மாமாவின் பிள்ளைகளைக் காண்கிறான்.

கடலோடி_பருத்தித்துறை:
ரீச்சர், அடைக்கிறது என்ற சொல் சரியில்லை. பெற்றோர் கூப்பிட வந்தால் மேசைக்குக் கீழே ஒளிக்கிற பிள்ளைகளை எத்தனை தரம் கண்டிருப்பேன். விருப்பமில்லாத பிள்ளையை யாரும் பிடித்து வைப்பதில்லை, தொலைபேசியில் கூப்பிட்டு "வந்து கூட்டிப் போங்கள்" என்பார்கள். பெற்றோரும் மனிதர்தானே, இரண்டு மணி நேரம் சும்மா இருந்தால் என்ன?

லண்டன்_மச்சாள்:
நான் இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மத்தியதரைக் கடலில் ஏழு இரவு போனோம். கப்பலின் பெயர் வேண்டாம். எல்லா வயதுக்கும் என்று போட்டிருந்தார்கள். என் சின்னவனுக்கு அப்போது 2 வயது 8 மாதம். ஏறின பிறகுதான் தெரிந்தது, 3 வயதுக்குக் கீழே என்றால் தாயோ தகப்பனோ கூடவே இருக்க வேண்டும், அதுவும் நாளுக்கு ஒரு மணி நேரம். தடாகத்தில் இறக்கவும் விடவில்லை. வெயிலில் நின்று அவனுக்கு வாளியால் தண்ணீர் வார்த்தேன். நல்லூர்ப் பக்கத்தில் கிணற்றடியில் வார்த்திருந்தால் காசு மிச்சம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு துறைமுகம் என்று பார்த்து மயங்கித்தான் அந்தப் பயணத்தை எடுத்தோம். காலை ஏழு மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, கல்லுக் கட்டடம் காட்டி, அழ அழத் திருப்பிக் கொண்டுவந்தோம். பிள்ளைகளோடு போனால் கப்பல் கடலில் நிற்கிற நாள்தான் நல்ல நாள். கிளப் காலையிலேயே திறக்கும், சறுக்கு ஓடும், யாருக்கும் அவசரமில்லை.

அதனால் சிங்கப்பூர் டிஸ்னி அட்வென்ச்சரைப் பாருங்கள் என்பேன். 2025 டிசம்பரில் தொடங்க வேண்டியது 2026 மார்ச்சுக்குத் தள்ளிப் போன கப்பல். 3 அல்லது 4 இரவு, இடையில் எந்தத் துறைமுகத்திலும் நிற்பதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூருக்கு வீசா தேவையில்லை. பினாங்கில் நிற்கிற கப்பல் என்றால் உங்களுக்கு மலேசிய வீசா வேண்டும், கனடாக்காரருக்கு வேண்டாம். ஒரே குடும்பத்தில் பாதி இறங்கி பாதி மேலே நின்று கை காட்டுவது வடிவாக இருக்காது.

தீவகத்தான்:
எங்கும் நிற்காத கப்பலா? 1938 இல் வல்வெட்டித்துறையில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. நீங்கள் காசு கட்டிச் சுற்றிச் சுற்றி ஏறின இடத்திலேயே இறங்கப் போகிறீர்கள்.

லண்டன்_மச்சாள்:
அன்னபூரணியில் யாரும் நாலு வயதுப் பிள்ளையோடு போகவில்லை அண்ணை.

தீவகத்தான்:
1938 என்றது போய்ச் சேர்ந்த வருடம். கட்டினது அதற்கு முன்னம். யாரும் திருத்த முன்னம் நானே திருத்திவிடுகிறேன்.

கொக்குவில்_அப்பா:
டிஸ்னி விலை பார்த்தேன். பார்த்த கையோடு பக்கத்தை மூடிவிட்டேன். மகளின் உயரம் 131. மனைவி சொல்கிறாள், ஓகஸ்ட்டுக்குள் ஒரு சென்ரிமீற்றர் வளர்வாளாம்.

ஏழாலை_இஞ்சினியர்:
சென்னைக் கப்பலை ஏன் யாரும் கதைக்கவில்லை? கோர்டேலியா கம்பனியின் எம்பிரஸ் கப்பல் 2023 ஜூன் 16 அன்று காங்கேசன்துறைக்கே வந்தது, புதிய பயணிகள் முனையம் திறந்ததும் அன்றுதான். நாங்கள் அன்று கரையில் நின்று பார்த்தோம். மும்பைப் பக்கம் மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், அதனால் அந்த மாதங்களில் சென்னையிலிருந்து ஓடியிருக்கிறது. ஓகஸ்ட்டுக்கு அட்டவணை என்ன என்று பாருங்கள். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது. கொழும்பு வரை எட்டு மணி நேரம் வேனுக்குள் நசுங்க வேண்டியதில்லை. அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு பிரச்சினையே இல்லை.

கடலோடி_பருத்தித்துறை:
தம்பி, அந்தக் கப்பல் 1990 இல் நோர்டிக் எம்பிரஸ் என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. 48 ஆயிரம் தொன் சொச்சம். நல்ல கப்பல், பாறை ஏறும் சுவர் உண்டு, சிறுவர்களுக்கு இடமும் உண்டு. ஆனால் டிஸ்னி அட்வென்ச்சர் 2 லட்சத்து 8 ஆயிரம் தொன். சின்னக் கப்பலில் 13 வயதுப் பெடியன் இரண்டாம் நாள் எல்லாம் பார்த்து முடித்துவிடுவான். வீசாவையும் மறக்க வேண்டாம். சென்னையில் ஏறி வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் நின்று திரும்பினால் இந்தியாவுக்குள் இரண்டு தரம் நுழைகிற மாதிரி. ஒருமுறை மட்டும் நுழையும் வீசா எடுத்தால் சிக்கல். கனடாக்காரருக்கும் இந்திய வீசா வேண்டும்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்:
எல்லாரும் தொன் கணக்குப் பார்க்கிறீர்கள். ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று: மகனுக்கு எந்த மொழி தெரியும்?

நான் முதலாம் வகுப்புப் படிப்பிக்கிறேன். ஐந்து வயதில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், தமிழ் ரீச்சரிடம் "ஒண்டுக்கு வருது" என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கிலேயே போய்விடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு தவணையும் இருக்கிறார்கள். கொக்குவிலில் வளர்ந்த நாலு வயதுப் பிள்ளை, ஆங்கிலம் மட்டும் பேசுகிற புதிய அறையில், புதிய முகத்திடம் அதை எப்படிச் சொல்லும்? வயிறு நோகிறது, அந்தப் பெடியன் அடித்தான், அம்மா வேண்டும் என்பதை எல்லாம்? அவன் மூலையில் சத்தமில்லாமல் இருப்பான். பார்க்கிறவர்கள் நல்ல பிள்ளை என்பார்கள்.

சென்னைக் கப்பல் என்றால் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய ஏறும். பணியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குத் தெரியும்.

கடலோடி_பருத்தித்துறை:
ரீச்சர், இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் 11 வருடத்தில் கிளப்பில் தமிழ் பேசுகிற ஒருவரைக்கூடச் சந்தித்ததில்லை. இயந்திர அறையிலும் சமையலறையிலும் எங்கள் ஆட்கள் இருந்தார்கள், கிளப்பில் இல்லை. மகளுக்குப் பிரச்சினை இருக்காது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கையாலும் காலாலும் கூட்டாகிவிடும். நாலு வயது வேறு.

ஒன்று செய்யலாம். முதல் நாள் மாலை கிளப்பைத் திறந்து வைப்பார்கள், பெற்றோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அப்போது அவனோடு போய் இருங்கள், கழிவறைக் கதவு எது என்று காட்டுங்கள். பேந்து அரை மணி நேரம் மட்டும் விட்டுப் பாருங்கள்.

ஏழாலை_இஞ்சினியர்:
ஆகவே சென்னை.

லண்டன்_மச்சாள்:
ஆகவே சென்னை இல்லை தம்பி. நாலு வயதுக்காரன் எந்தக் கப்பலிலும் தாயோடுதான் நிற்பான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அப்போது தேவை கிளப் இல்லை. தாயும் பிள்ளையும் சேர்ந்து விளையாடக்கூடிய, ஆழமில்லாத தண்ணீர் இடம் தேவை. அது பெரிய கப்பலில்தான் நிறைய. அம்மாவின் சாப்பாடுதான் கவலை என்றால் சிங்கப்பூரில் ஜெண்டிங் ட்ரீம் என்ற கப்பலும் இருக்கிறது, 2022 இல் அங்கிருந்து ஓடத் தொடங்கியது. இந்தியச் சைவச் சாப்பாடு கிடைக்கும், நீர்ச்சறுக்கும் கயிற்றுப் பாதையும் உண்டு. சூதாட்ட மண்டபமும் உண்டு, மச்சானைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கடலோடி_பருத்தித்துறை:
காசு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரிய அமெரிக்கக் கம்பனிகளில் பணியாளருக்கான அன்பளிப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 18 டொலர், பிள்ளைக்கும் அதே. எட்டுப் பேர், நாலு இரவு: 576 டொலர். விளம்பர விலையில் பெரும்பாலும் இது இருக்காது. இணையம் தனிக் காசு, 13 வயதுக்காரன் கேட்கப் போவதும் அதைத்தான். கிளப் பகலில் இலவசம், ரோயல் கரிபியனில் இரவு பத்துக்குப் பிறகு மணிக்கணக்கில் காசு. நாலு பேர் படுக்கும் அறைகள் கொஞ்சம்தான், அவை முதலில் தீரும். அம்மாவுக்கு நடுக்கப்பலில் கீழ்த்தட்டில் அறை எடுங்கள், ஆட்டம் குறைவு. அணியப் பக்கம் (கப்பலின் முன்முனை) வேண்டாம்.

கொக்குவில்_அப்பா:
அம்மாவிடம் இன்றுதான் கேட்டேன். சாப்பாட்டைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. "கொடியேற்றம் எப்ப?" என்று மட்டும் கேட்டார். நல்லூர்க் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் 25 நாளும் அவர் அசைய மாட்டார். தங்கச்சியின் பெடியனுக்குச் செப்டம்பரில் பள்ளிக்கூடம். ஆக எங்களுக்குக் கிடைப்பது கொடிக்கு முந்தின சில நாட்கள்.

தீவகத்தான்:
நான் முதலிலேயே சொன்னேன். நெடுந்தீவுக்குக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பி, மாலைப் பூசைக்கு நல்லூருக்கே வந்துவிடலாம்.

கடலோடி_பருத்தித்துறை:
ஓகஸ்ட்டிலா? சோளகக் காற்று அடிக்கும்போது நாலு வயதுப் பிள்ளையையும் 71 வயது அம்மாவையும் அந்த லோஞ்சில் ஏற்றுவீர்களா? உங்கள் வீட்டு ஆட்களை ஏற்றுவீர்களா அண்ணை?

தீவகத்தான்:
ஏற்ற மாட்டேன். அந்த மாதத்தில் நானே குளிசை போட்டுக்கொண்டுதான் போகிறேன்.

வட்டுக்கோட்டை_ரீச்சர்:
😀

கொக்குவில்_அப்பா:
எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு தங்கச்சியோடு கதைத்தோம். சிங்கப்பூர்தான், நாலு இரவு, துறைமுகம் குறைவான பயணமாகப் பார்க்கிறோம். மலாக்கா நீரிணைப் பக்கம் அலை குறைவு என்று மச்சானும் சொல்கிறார். எந்தக் கப்பல் என்பது நாலு பேர் அறை எதில் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தது. கோர்டேலியாவை விட்டதற்குக் காரணம் வீசா, வேறு ஒன்றும் இல்லை. இஞ்சினியர் தம்பி கோபிக்க வேண்டாம். மகனைக் கிளப்பில் விடுவதில்லை என்று மனைவி தீர்மானித்துவிட்டாள், அவனோடு முறை வைத்து நிற்போம்.

ஆனாலும் ரீச்சர் சொன்னதிலிருந்து அவனுக்கு "ரொய்லட்" என்ற சொல்லைப் பழக்குகிறோம். நன்றாகப் பிடித்துக்கொண்டான். இப்போது தபால்காரருக்கும் சொல்கிறான், வீட்டு நாய்க்கும் சொல்கிறான், தேவையான நேரத்தில் மட்டும் சொல்கிறானில்லை.

தீவகத்தான்:
திரும்பி வந்து மாசி, பங்குனியில் சொல்லுங்கள். அப்போது கடல் குளம் மாதிரி இருக்கும். நெடுந்தீவில் சாப்பாடு என் பொறுப்பு, அம்மாவுக்குச் சைவம்.