இரு வீட்டார் அழைப்பும் 4கே டிவியும்

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து:

டிவியைக் கணினித் திரையாக வைத்துத் தினமும் வேலை பார்க்க முடியுமா என்று கேட்ட தம்பிக்கு: தாராளமாக முடியும். நான் 2020-லிருந்து அப்படித்தான் வேலை செய்கிறேன். ஆனால் கடையில் எனக்கு யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அது தெரியாததால் 300 கல்யாண அட்டையை என் கைக்காசில் மறுபடியும் அச்சடித்தேன்.

கல்யாண அட்டை, கோயில் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி மலர் எல்லாம் வடிவமைப்பது என் தொழில். கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடையிலிருந்த கணினியை மட்டும் வீட்டுக்குத் தூக்கி வந்தேன். ஹாலில் 55 அங்குல 4கே டிவி இருந்தது. கம்பியைச் செருகினேன், படம் வந்துவிட்டது. ஏ3 தாள் இரண்டு, முழு அளவில் பக்கத்தில் பக்கத்தில் விரிந்ததைப் பார்த்ததும் மனசு நிறைந்துபோனது.

ஆனால் சுட்டி இழுத்த இழுப்புக்கு வரவில்லை, விட்டு விட்டு ஓடியது. என் பழைய கணினியில் டிவிக் கம்பியைச் செருகும் எச்டிஎம்ஐ வாசல் 1.4 வகை. அது 4கே படத்தை நொடிக்கு 30 தடவைதான் அனுப்பும். 60 தடவை வேண்டுமென்றால் 2013-இல் வந்த 2.0 வகை வேண்டும். கட்டுப்பாடு தளர்ந்ததும் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போய், 2.0 வாசல் உள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் பலகை) வாங்கிப் போட்டேன். சுட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதே நாளில் எழுத்து கெட்டுப்போனது. அதைத்தான் நான் கவனிக்கவில்லை.

அப்போது வந்த வேலை அந்தக் கல்யாண அட்டை. பெண்ணின் பட்டுச்சேலை மயில் நீலம், கரை சிவப்பு. அட்டையும் அப்படியே இருக்க வேண்டும் என்றார்கள். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து. திரையில் புள்ளிகள் எல்லாம் கசிந்த மை மாதிரி தெரிந்தன. ‘ப்’ எது ‘ப’ எது என்று முகத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. டிவி என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துப் பழகிவிட்டேன். அட்டை அச்சாகிப் போன பிறகு பெண்ணின் அத்தை கூப்பிட்டார். ‘தம்பி, வீட்டார் தலையில பொட்டைக் காணோமே’ என்றார். ‘இரு வீட்டார அழைப்பு’ என்று அடித்திருந்தேன். கல்யாண நேரத்தில் ‘பொட்டைக் காணோம்’ என்று அந்த அம்மா சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

காரணத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. அதனால் வீடியோவில் நிறத் தகவலைக் குறைத்து அனுப்புவார்கள். 4:2:0 என்று எழுதியிருந்தால், இரண்டுக்கு இரண்டாக நான்கு படப்புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம். படம் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. கறுப்பு எழுத்து வெள்ளைத் தாளில் இருந்தாலும் ஓரளவு தப்பித்துவிடும். நீலத்தின் மேல் சிவப்பு என்றால் இரண்டுக்கும் வெளிச்சம் கிட்டத்தட்ட ஒன்று. எழுத்தின் வடிவம் முழுக்க நிறத்தில்தான் நிற்கிறது, அந்த நிறத்தைத்தான் குறைத்துவிடுகிறார்கள். ஆங்கிலம் படிப்பவருக்கு ஓரம் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். நமக்கு மெய்யெழுத்தே போய்விடும்.

வழி இருக்கிறது. டிவி அமைப்பில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டின் வகையைப் ‘பிசி’ என்று மாற்றுங்கள். சாம்சங், எல்ஜி இரண்டிலும் இது உண்டு. 4கே 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை என்றால், அந்த வாசலுக்குரிய ‘யுஎச்டி கலர்’ அல்லது ‘டீப் கலர்’ என்ற அமைப்பையும் திறந்துவிட வேண்டும். திறக்காவிட்டால் நிறத்தைக் குறைத்துத்தான் வாங்கும், புது கார்டு போட்ட அன்று என் டிவியில் நடந்தது அதுதான். பிறகு கணினியில், நிறத்தைக் குறைக்காத 4:4:4 அல்லது ஆர்ஜிபி என்று வையுங்கள். நான் அதைச் செய்த நிமிடத்தில் ‘ர்’ மேல் புள்ளி உருண்டையாக, தனியாக வந்து உட்கார்ந்தது. கூர்மை என்ற அமைப்பையும் இறக்குங்கள். அது எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு போடும், அதுவும் புள்ளியைத் தின்னும்.

55 அங்குலம் மேசைக்குப் பெரிசு. கழுத்து தாங்கவில்லை. இப்போது வைத்திருப்பது 43 அங்குல 4கே. 21.5 அங்குல முழு எச்டி திரை நான்கை ஒட்டி வைத்த மாதிரி கணக்கு, எழுத்தும் அதே அளவு. விண்டோஸ் என்னிடம் 300 சதவீதம் பெரிதாக்கச் சொன்னது, தூரத்தில் சோபாவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து. அதை 100-க்கு இறக்கினேன்.

பட்டர்வொர்த்திலிருந்து:

அண்ணன் சொன்ன புள்ளி விஷயம் எங்கள் வீட்டிலும் நடந்தது, வேறு காரணத்தால். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கண்புரை அறுவைக்குப் பிறகு கைப்பேசியில் செய்தி படிக்க முடியவில்லை. அறையிலிருந்த 32 அங்குல டிவியில் சின்னக் கணினியை இணைத்துக் கொடுத்தேன். ‘கீழே மணி காட்டுமே, அது எங்கே?’ என்று கேட்டார். திரையின் நான்கு ஓரமும் வெட்டுப்பட்டிருந்தது. குழாய் டிவி காலத்தில் படத்தின் ஓரம் கோணலாக இருக்கும், அதை மறைக்கப் படத்தையே கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுவார்கள். அந்தப் பழக்கம் தட்டை டிவியிலும் ஒட்டிக்கொண்டது. ஓரம் போவது மட்டுமில்லை, இழுத்துப் பெரிதாக்குவதால் எல்லா எழுத்தும் மங்கும். எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, வேறு சிலவற்றில் ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருக்கும். அதைப் போட்டேன், மணி வந்தது.

இன்னொன்று. 32 அங்குலத்தில் பல டிவிகள் உண்மையில் 1366×768தான். முழு எச்டி சிக்னலை வாங்கிக்கொண்டு உள்ளே சுருக்கிவிடும். பெட்டியில் 1920×1080 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள். அப்பாவுக்கு அப்படி ஒன்று மாற்றினேன். விடிகாலையில் கோப்பியை வைத்துக்கொண்டு தலைப்பை வாய்விட்டுப் படிக்கிறார். எழுத்துப் பெரிசாக இருப்பதால் அம்மாவும் பின்னால் நின்று படிக்கிறார்.

கெப்போங்கிலிருந்து:

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 2020-இல் இணைய வகுப்பு நடத்தும்போது மடிக்கணினியில் பிள்ளைகள் முகம் தபால்தலை அளவில் இருக்கும். யார் விளங்காமல் விழிக்கிறார்கள் என்றே தெரியாது. டிவியில் போட்ட அன்று, இரண்டாவது வரிசை ஓரத்தில் ஒரு பையன் உதட்டை அசைத்து ‘ழ’ சொல்லிப் பார்ப்பது தெரிந்தது. மற்ற பிள்ளைகள் முடித்த பிறகும் விடாமல் சொல்லிப் பார்த்தான். அதற்காகவே டிவியைக் கழற்றவில்லை. கேமராவை மட்டும் டிவியின் உச்சியில் வைக்காதீர்கள், பிள்ளைகளுக்கு நம் நெற்றிதான் தெரியும். திரைக்கு முன்னால் சின்ன முக்காலியில் கண் மட்டத்துக்கு வைத்தேன். ஓஎல்இடி டிவி (ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிரும் வகை) வைத்திருப்பவர்கள், கணினித் திரையின் கீழ்ப்பட்டையை மறைத்து வையுங்கள். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் தடம் பதியலாம்.

செந்தூலிலிருந்து, மறுபடியும்:

டீச்சர், அந்தப் பையனைப் பற்றிப் படித்ததும் ரொம்ப சந்தோஷம். டிவியில் விளையாட்டுக்கென்று இருக்கும் ‘கேம் மோடு’ உதவுமா என்று தம்பி கேட்டதற்கு: ஆமாம், அதைப் போட்டால் சுட்டி இன்னும் உடனே நகரும். கணினி தூங்கினாலும் சில டிவி தானாக அணையாது, ரிமோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மழை இடியோடு வந்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், நம் ஊர் இடி உங்களுக்கே தெரியும்.

கடைக்குப் போகும்போது நீலத்தின் மேல் சிவப்பில், 12 அளவில், ‘வீட்டார் வீட்டார வீட்டார்’ என்று அடித்த ஒரு படத்தைப் பென்டிரைவில் கொண்டுபோகாதீர்கள், டிவி தானே படிக்கும் படத்தில் இந்தக் குறை தெரியாமல் போகலாம். அந்தப் படத்தை மடிக்கணினியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போய், கம்பியில் செருகிப் பாருங்கள். நடுவில் உள்ள புள்ளியில்லாத சொல் தனியாகத் தெரிந்தால் வாங்குங்கள்.