தொப்பி பத்தாமல் போன மாதம்

நாங்கள் தலவாக்கலைப் பக்கம் தோட்டம். மகனுக்கு அப்போது ஏழு மாதம். மார்கழிக் குளிருக்கென்று அம்மா பின்னிய கம்பளித் தொப்பி மூன்றே வாரத்தில் காதுக்கு மேலே ஏறி நின்றது. பிள்ளை நன்றாக வளர்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். காலையில் பால் குடித்ததும் கக்குவான். மருந்துக்குக் கொண்டுபோன இடத்தில் பல் முளைக்கிறது என்றார்கள். இரண்டு தடவை போனேன், இரண்டு தடவையும் அதே பதில்.

கண்டுபிடித்தது எங்கள் மிட்வைஃப் மிஸ்தான். புருவத்துக்கு மேலாக டேப்பைச் சுற்றி அளந்தார். முகம் மாறி, மறுபடி அளந்தார். வளர்ச்சிப் புத்தகத்தில் அவர் வைத்த புள்ளி எல்லாக் கோட்டையும் தாண்டி நின்றது. உச்சிக்குழி புடைத்திருந்தது. கருவிழி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரிந்தது. "நாளைக்குனு வைக்காதீங்க, இன்னைக்கே பஸ் ஏறுங்க" என்றார்.

பேராதனை சிறுவர் ஆசுபத்திரி, அப்புறம் கொழும்பு ரிஜ்வே. மூளைக்குள் நீர் சுரக்கிற பின்னலில் கோலிஃப்ளவர் பூ மாதிரி ஒரு கட்டி, கோரொய்ட் பிளெக்ஸஸ் பாப்பிலோமா. அதுவும் சேர்ந்து நீரைச் சுரந்துதான் தலை பெருத்திருக்கிறது. புற்று இல்லை, முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராது என்றார் டாக்டர். ஆனால் ரத்தம் நிறைந்த கட்டி. எட்டுக் கிலோப் பிள்ளையின் உடம்பில் மொத்த ரத்தமே 600 மில்லிக்குக் கொஞ்சம் மேல்தானாம். என் தம்பியும் லயத்துப் பையன்கள் நாலு பேரும் ரத்தம் கொடுக்க ராத்திரி ரயிலில் வந்து இறங்கினார்கள். அந்த முகங்களை மறக்கவே மாட்டேன்.

இப்போது அவனுக்கு நாலு வயது. காதுக்கு மேலே தழும்பு இருக்கிறது, முடி மறைத்துவிட்டது.

•

இதற்கு ஒரு வாசகரின் பதில்: அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். எங்கள் அண்ணன் மகளுக்கு வந்தது வேறு. இரண்டு வயது. ஓடித் திரிந்தவள் சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தாள். தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தாள். சுளுக்கு என்று நாங்கள் எண்ணெய் தடவினோம். ஸ்கேனில் பின்மூளையில் கட்டி. முதலில், பிள்ளைகளுக்குப் பின்மூளையில் வருகிற மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி என்றுதான் நினைத்தார்கள். எடுத்த சதையில் ஐ.என்.ஐ.1 என்ற புரதம் இல்லை என்று தெரிந்த பிறகே, இது ஏ.டி.ஆர்.டி என்ற, அரிதான, வேகமாக வளர்கிற மூளைப் புற்று என்றார்கள். மூன்று வயதுக்குள் கதிர்ச் சிகிச்சை கொடுத்தால் வளர்கிற மூளை பாதிக்கும் என்பதால் கீமோதான், மஹரகம புற்றுநோய் ஆசுபத்திரியில்.

பதினொரு மாதம் எங்களோடு இருந்தாள்.

இப்போதும், தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் எந்தப் பிள்ளையாவது தலையைச் சாய்த்து நடந்தால், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கிட்டப் போய்ப் பார்க்கிறேன்.