‘கேப் ஹிட்’டுக்கு என்ன சொல் வைப்பது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஐஸ் ஹாக்கிச் சொற்கள் பற்றிய இழையில் வந்த மடல்களை எல்லாம் ஒருசேரப் படித்தேன். ‘சேலரி கேப்’புக்குச் ‘சம்பள உச்சவரம்பு’ என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போய்விட்டார்கள். எனக்கும் அதில் முழுச் சம்மதம். ஒரு நண்பர் மட்டும் இப்படிக் கேட்டிருந்தார்:

> சம்பள உச்சவரம்பு என்றால் ஒரு வீரருக்கு இவ்வளவுக்கு மேல் தரக்கூடாது என்றுதானே படிப்பவர் நினைப்பார்?

நினைக்க மாட்டார் என்பது என் எண்ணம். நில உச்சவரம்பு நமக்குப் பழகிய விஷயம். தமிழ்நாட்டில் 1961இல் சட்டம் வந்தபோது 5 பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தார்கள், 1970இல் அதை 15 ஆக்கினார்கள். வரம்பு ஆளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. அதில் யாரும் குழம்பவில்லை. இங்கேயும் வரம்பு வீரருக்கு இல்லை, அணி தரும் மொத்தச் சம்பளத்துக்கு. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் ஒரே வீரருக்கு அணியின் உச்சவரம்பில் 20 விழுக்காட்டுக்கு மேல் தரக்கூடாது என்று தனி விதியும் உண்டு. அதைத் ‘தனிவீரர் உச்சவரம்பு’ என்று சொல்லிவிடலாம். அணி குறைந்தது இவ்வளவாவது செலவழிக்க வேண்டும் என்ற எல்லை ‘கீழ்வரம்பு’. சரி, இது இத்தோடு போகட்டும்.

நான் நின்று பேச விரும்புவது ‘கேப் ஹிட்’ பற்றி, அதாவது ஒரு வீரருக்காக அணியின் வரம்புக் கணக்கில் ஏறும் தொகை பற்றி. இந்த ஒரு சொல்லைச் சரியாக வைத்துவிட்டால் மற்றவை தாமாக வந்து சேரும். தவறினால் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு திசையில் ஓட வேண்டியிருக்கும். இதுவரை வந்த பரிந்துரைகள் ‘வரம்புத் தாக்கம்’, ‘வரம்புச் சுமை’, ‘சம்பளக் கணக்கு’. முதலாவது ஆங்கிலச் சொல்லின் நிழல். தாக்கம் என்றதும் புயலும் பொருளாதாரமும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘சுமை’ பரவாயில்லை, ஆனால் நல்ல வீரருக்கு நியாயமான சம்பளம் கொடுப்பதையும் சுமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ‘சம்பளக் கணக்கு’ அடிப்படையையே மறைக்கிறது: கேப் ஹிட் என்பது வீரர் அந்த ஆண்டு வாங்கும் சம்பளம் அல்ல.

எடுத்துக்காட்டுக்கு சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியின் மரியான் ஹோசாவைப் பாருங்கள். 2009 ஜூலையில் 12 ஆண்டுக்கு 6.33 கோடி டாலர் ஒப்பந்தம். முதல் ஏழு ஆண்டுகளில் ஆண்டுக்கு 79 லட்சம், எட்டாவது ஆண்டில் 40 லட்சம், கடைசி நான்கு ஆண்டுகளில் வெறும் 10 லட்சம். ஆனால் வரம்புக் கணக்கில் ஏறியது 12 ஆண்டும் ஒரே தொகைதான், 52.75 லட்சம். மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்து வரும் சராசரி அது. ஆக, அவர் 79 லட்சம் வாங்கிய ஆண்டிலும் கணக்கேட்டில் 52.75 லட்சம்தான் எழுதினார்கள்.

ஏட்டில் எழுதுவது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பற்று. வங்கிப் புத்தகத்தில் பற்று, வரவு, இருப்பு என்று மூன்று பத்திகள் இருக்கும். மளிகைக் கடையில் ‘என் பற்றில் எழுதிக்கோங்க’ என்பார்கள். கையில் இருந்து காசு போயிற்றா இல்லையா என்பது வேறு, ஏட்டில் எழுதப்பட்டது எவ்வளவு என்பது வேறு. இந்த வேறுபாடுதான் கேப் ஹிட்டின் உயிர். எனவே என் பரிந்துரை ‘வரம்புப் பற்று’.

இதை வைத்தால், வரம்புக்குள் அணியிடம் மீதமிருக்கும் தொகையான ‘கேப் ஸ்பேஸ்’ என்பது ‘வரம்பு இருப்பு’. ‘வரம்பிடம்’, ‘வரம்பு வெளி’ எல்லாம் வேண்டாம். ஐபிஎல் ஏலச் செய்திகளில் எந்த அணியிடம் எவ்வளவு இருப்பு என்றுதானே எழுதுகிறார்கள். ஏலச் செய்திகளில் இருந்தே ‘தக்கவைத்தல்’, ‘விடுவித்தல்’ இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். படிப்பவருக்குப் புதிதாக விளக்க வேண்டியதே இல்லை.

சொற்கள் தாங்குமா என்று பார்க்க ஒரு கதையை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். சிகாகோவின் 2010 இடைப்பருவம். (‘ஆஃப்சீசன்’ = இடைப்பருவம். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.)

2010 ஜூன் 9ஆம் தேதி சிகாகோ என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. 1961க்குப் பிறகு முதல்முறை. ஆனால் வரம்பு ஏட்டில் நெருக்கடி அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. ஜொனத்தன் டேவ்ஸ், பாட்ரிக் கேன் இருவருக்கும் தலா 63 லட்சம் டாலர் பற்றுள்ள புதிய ஒப்பந்தங்கள் 2010-11 பருவத்தில் இருந்து தொடங்க இருந்தன. போதாக்குறைக்கு, முந்தைய பருவத்தில் வீரர்கள் ஆட்டத்திறனுக்காக ஈட்டிய ஊக்கத்தொகை வரம்பைத் தாண்டியதால் 40 லட்சம் டாலருக்கு மேல் அடுத்த ஆண்டு ஏட்டுக்கு வந்து சேர்ந்தது. இதற்கு ‘முன்பாக்கி’ என்பதைவிட நல்ல சொல் கிடைக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பருவத்தின் உச்சவரம்பு 5.94 கோடி டாலர்.

இடைப்பருவத்தில் அணிகள் வரம்பை 10 விழுக்காடு வரை தாண்டி நிற்கலாம். பருவம் தொடங்கும்போது உள்ளே வந்துவிட வேண்டும். பொது மேலாளர் ஸ்டான் போமன் கோப்பை வென்ற சில வாரங்களிலேயே அணியைக் கலைக்க ஆரம்பித்தார். டஸ்டின் பஃப்ளின், பிரென்ட் சோப்பல், பென் ஈகர் மூவரும் அட்லாண்டாவுக்குப் போனார்கள். கிறிஸ் வெர்ஸ்டீக் டொராண்டோவுக்கு. ஜூலை 1இல் ஆண்ட்ரூ லாட், அவரும் அட்லாண்டாவுக்கே. கோல்காப்பாளர் கிறிஸ்டோபல் ஹூவேயின் பற்று 56 லட்சத்துக்கு மேல், அவரைச் சுவிட்சர்லாந்து அணி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஆள் என்எச்எல்லை விட்டு வெளியே ஆடினால் ஏட்டில் பற்று எழுத வேண்டாம் என்பது அப்போதைய விதி. லீக்கும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2013 உடன்படிக்கை இந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

இதற்கு நடுவில் சான் ஹோசே அணி வந்து சிகாகோ வீரர் நிக்லஸ் யால்மார்ஸனிடம் 4 ஆண்டு, 1.4 கோடி டாலருக்குக் கையெழுத்து வாங்கியது. இதுதான் ‘ஆஃபர் ஷீட்’. வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அவர்மேல் பழைய அணிக்கு உரிமை இருக்கும். வேறு அணி அவருக்கு ஒப்பந்தம் நீட்டினால் பழைய அணி ஏழு நாளுக்குள் அதே தொகைக்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆளை விட்டுவிட்டு, தொகை பெரிதாக இருந்தால் புதுமுகத் தேர்வு வாய்ப்புகளை இழப்பீடாக வாங்கிக்கொள்ள வேண்டும். நான் இதைப் ‘போட்டி ஒப்பந்தம்’ என்றும், பழைய அணி ஒத்துக்கொள்வதை ‘ஈடுகொடுத்தல்’ என்றும் எழுதிப் பார்த்தேன். “சான் ஹோசேயின் போட்டி ஒப்பந்தத்துக்குச் சிகாகோ ஈடுகொடுத்தது.” வாக்கியம் இடறவில்லை. ஆனால் அந்த 35 லட்சம் பற்றுக்கான விலையை இன்னொருவர் கொடுத்தார். கோப்பையை வென்று தந்த கோல்காப்பாளர் ஆன்ட்டி நியமிக்கு சம்பள வழக்கைத் தீர்க்கும் நடுவரின் தீர்ப்பில் 27.5 லட்சம் கிடைத்தது. சிகாகோ அதை ஏற்காமல் அவரை விடுவித்துவிட்டு மார்ட்டி டர்க்கோவை 13 லட்சத்துக்கு எடுத்தது. நியமி எங்கே போனார் தெரியுமா? சான் ஹோசேவுக்கே, 20 லட்சத்துக்கு.

இந்தக் கதையில் பற்று, இருப்பு, முன்பாக்கி என்ற மூன்று சொற்களை வைத்தே எல்லாம் புரிந்துவிடுகிறது. ‘தாக்கம்’ என்று வைத்திருந்தால் ‘சென்ற ஆண்டுத் தாக்கம் இந்த ஆண்டுக்கு மாற்றப்பட்டது’ என்று எழுத வேண்டியிருக்கும். படிப்பவருக்கு அது எதைச் சொல்லும்?

உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்

—

ஐயா,

வணக்கம். ரொறொன்ரோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் மடல் நன்றாக இருந்தது. வெர்ஸ்டீக் இங்கே வந்தது நல்ல நினைவு. அடுத்த பெப்ரவரியிலேயே பிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

‘இருப்பு’, ‘முன்பாக்கி’ இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. ‘வரம்புப் பற்று’ என்பதில்தான் தயக்கம். இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் பற்று என்றால் மொழிப்பற்று, நாட்டுப்பற்று என்றுதான் சொல்லிக் கொடுக்கிறோம். எங்கள் ஊர் லீஃப்ஸ் அணியின் தீவிர ரசிகனைப் பற்றி எழுதினால் ‘அணிப்பற்று’ என்று எழுதுவோம். அதே கட்டுரையில் அடுத்த வரியில் ‘மார்னரின் வரம்புப் பற்று’ என்று வந்தால்? மார்னர் மார்க்கம் நகரில் பிறந்து, இங்கேயே ஆடி, 2025இல் வேகஸ் அணிக்குப் போனவர். ஆண்டுக்கு 1.2 கோடி டாலர், 8 ஆண்டு. அவருடைய பற்று பற்றி எழுதினால் இங்குள்ளவர்கள் வேறு பொருளில்தான் எடுப்பார்கள்.

இன்னொன்று. பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறிப்பதற்கும், ஆள் போன பிறகும் ஏட்டில் நிற்கும் தொகைக்கும் என்ன சொல்? நெடுநாள் காயப் பட்டியலையும் நீங்கள் தொடவில்லை. ‘காய விலக்கு’ என்று ஒருவர் முன்பு எழுதியிருந்தார்.

நன்றி ஐயா.

—

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொன்னது நியாயம். ரசிகர்களைப் பற்றிய எழுத்தில் இரண்டு பற்றும் அடுத்தடுத்து வரத்தான் செய்யும். அப்படியானால் ‘பற்றுத்தொகை’ என்று வைத்துக்கொள்வோம். ‘தொகை’ ஒட்டிய உடனே அன்பு என்ற பொருள் விலகிவிடுகிறது. முதல் முறை ‘வரம்புப் பற்றுத்தொகை’ என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘பற்றுத்தொகை’ என்றே சொல்லலாம். “மார்னரின் பற்றுத்தொகை 1.2 கோடி டாலர்.” இதில் யாரும் தடுமாற மாட்டார்கள். ‘பற்று அட்டை’ என்று வங்கி அட்டையைச் சொல்லும்போது தடுமாறுகிறோமா என்ன?

ஒப்பந்தத்தை முறிப்பதற்கு ‘கணக்குத் தீர்த்தல்’ என்று ஒரு நண்பர் தனி மடலில் எழுதியிருந்தார். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதற்கு நேர் எதிர். மினசோட்டா வைல்டு அணியைப் பாருங்கள். 2012 ஜூலை 4இல் ஸாக் பரீஸே, ரயன் சூட்டர் இருவரையும் தலா 13 ஆண்டு, 9.8 கோடி டாலருக்கு எடுத்தார்கள். 2021 ஜூலையில் இருவருடைய ஒப்பந்தத்தையும் முறித்தார்கள். ஆட்கள் போய்விட்டார்கள். ஏட்டில் மட்டும் 2023-24இலும் 2024-25இலும் ஆண்டுக்கு 1.47 கோடி டாலருக்கு மேல் இருவர் பெயரிலும் சேர்த்து எழுத வேண்டியிருந்தது. 2024-25இல் உச்சவரம்பே 8.8 கோடிதான். ஆறில் ஒரு பங்கு, ஆடாத இருவருக்கு! கணக்கு தீரவே இல்லை. அதனால் செயலை ‘ஒப்பந்த முறிப்பு’ என்றும், எஞ்சி நிற்பதை ‘ஆளில்லாப் பற்று’ என்றும் சொல்வோம். ‘செத்த பணம்’ என்று ஆங்கிலத்தை அப்படியே கொண்டுவர வேண்டாம். ஆள் இல்லை, பற்று இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

காயப் பட்டியலுக்கு ‘விலக்கு’ பொருந்தாது. காயம்பட்ட வீரரின் பற்றுத்தொகை ஏட்டை விட்டுப் போவதில்லை. அது அப்படியே நிற்க, அதற்கு ஈடாக ஒரு குறிப்பிட்ட அளவுக்கு வரம்பைத் தாண்டிக்கொள்ள அணிக்கு அனுமதி கிடைக்கிறது. இதற்கு நம் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடத்திலேயே சொல் இருக்கிறது: மேல்வரைப்பற்று. இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ள வங்கி தரும் அனுமதி அது. காயத்தின் பேரில் கிடைப்பதால் ‘காய மேல்வரைப்பற்று’. கொஞ்சம் நீளம்தான், ஆனாலும் பொருளில் பிசகில்லை.

டாம்பா பே அணியின் நிகிதா குச்செரோவ் கதையை இதில் எழுதிப் பாருங்கள். 2020 டிசம்பரில் இடுப்பு அறுவைச் சிகிச்சை. 2020-21 பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. அவருடைய பற்றுத்தொகையான 95 லட்சத்தைக் காட்டி அணி மேல்வரைப்பற்று எடுத்து மற்ற வீரர்களைத் தக்கவைத்துக்கொண்டது. இறுதிச்சுற்றுகளில் அப்போது உச்சவரம்பு பொருந்தாது என்பதால் முதல் ஆட்டத்திலேயே திரும்பி வந்தார். உச்சவரம்பு 8.15 கோடி, அணியின் மொத்தப் பற்றோ அதைவிட ஏறத்தாழ 1.8 கோடி கூடுதல். கோப்பையும் அவர்களுக்கே. விதிப்படி சரி என்றாலும், வரம்புக்குள் அடங்க நல்ல வீரர்களை விட்டுக்கொடுத்த அணிகளுக்கு அது நியாயமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. 2025-26 முதல் இறுதிச்சுற்றில் களமிறங்கும் 20 வீரர்களின் பற்றுத்தொகையும் உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

இனி மீதி இருப்பது ‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது ஒப்பந்தம் முடிந்து எந்த அணிக்கும் போகக்கூடிய வீரர். கட்டற்ற மென்பொருள் என்று நாம் ஏற்கெனவே பழகிவிட்டதால் ‘கட்டற்ற வீரர்’ எனக்குச் சரியாகவே படுகிறது. ஒப்பந்தம் முடிந்தும் பழைய அணியின் உரிமை நீங்காதவரைக் ‘கட்டுள்ள வீரர்’ என்று எழுதலாமா? யால்மார்ஸன் அந்த வகை. 2024 ஆகஸ்டில் செயின்ட் லூயிஸ் அணி போட்டி ஒப்பந்தம் நீட்டி எட்மன்டனிடம் இருந்து எடுத்த ஃபிலிப் புரோபெரியும் டிலன் ஹாலவேயும் அந்த வகைதான். எட்மன்டன் ஈடுகொடுக்காமல் இரண்டாம் சுற்றில் ஒன்று, மூன்றாம் சுற்றில் ஒன்று என இரண்டு தேர்வு வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. ஆனால் ஒப்பந்தம் நடப்பில் உள்ள வீரரும் கட்டுக்குள்தானே இருக்கிறார் என்று யாராவது கேட்டால் என்னிடம் முழு விடை இல்லை. ‘உரிமைக்கட்டு வீரர்’ என்றால் அந்தச் சிக்கல் தீரும், ஆனால் வாயில் எளிதாக வருமா? ரொறொன்ரோவில் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். பட்டியலில் இப்போதைக்கு இரண்டையும் சாய்கோடிட்டுப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்