டேசரைச் சுடாவிட்டாலும் அது பயன்பாடுதான், பதிவைக் கேட்டு வாங்குங்கள்

இங்கிலாந்தில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். டேசர் என்பது மெல்லிய கம்பிகளை ஏவி மின்சாரம் பாய்ச்சும், துப்பாக்கி போன்ற கருவி. போலீஸ் அதைச் சுடவில்லை. "சுடவே இல்லையே, அப்புறம் எதற்குப் புகார்?" என்று நம்மவர்களே கேட்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்காவின் மகனுக்கு மனநலச் சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. அன்று இரவு அவன் கத்திக்கொண்டு கதவை உதைக்க, அக்காதான் உதவி கேட்டு அவசர எண் 999-ஐ அழைத்தார். வந்த இரண்டு போலீசாரில் ஒருவர் மஞ்சள் நிற டேசரை உருவி அவனைக் குறிவைத்தார். பனியன் மேல் குறிபார்க்கும் லேசரின் சிவப்புப் புள்ளி விழுந்தது. அடுத்து, கம்பியை ஏவாமல் மின்பொறியை மட்டும் ஓடவிட்டார். சடசடவென்ற அந்தச் சத்தம் மாடிப்படி முழுக்கக் கேட்டது. பையன் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டான். கிளம்பும்போது, "டேசரை நாங்கள் பயன்படுத்தவில்லை" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது சரியில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் டேசரை உறையிலிருந்து உருவுவது, குறிவைப்பது, சிவப்புப் புள்ளி பாய்ச்சுவது, மின்பொறி காட்டுவது எல்லாமே பயன்பாடுதான். 2017 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு அதிகாரியும் இதற்குப் படிவம் நிரப்பியாக வேண்டும். உள்துறை அமைச்சகம் ஆண்டுதோறும் அந்தக் கணக்கை வெளியிடுகிறது. பெரும்பாலான சம்பவங்களில் டேசர் சுடப்படுவதே இல்லை. ஆக, சுட்டதை மட்டும் எண்ணினால் நடப்பதில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.

கருவிக்குள்ளும் ஒரு பதிவு இருக்கிறது. விசையை எப்போது அழுத்தினார்கள், எத்தனை நொடி அழுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் ஏறிவிடும். முன்னாள் ஆஸ்டன் வில்லா கால்பந்து வீரர் டேலியன் அட்கின்சன் 2016 ஆகஸ்டில் டெல்ஃபோர்டில் இறந்த வழக்கை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் வழக்கமாக 5 நொடிதான் மின்சாரம் பாயும், அவர் மேல் 33 நொடி பாய்ந்தது. டேசரைச் சுட்ட போலீஸ் அதிகாரி, விழுந்தவரைத் தலையிலும் உதைத்திருந்தார். அந்த அதிகாரிக்கு 2021-இல் 8 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. நொடிக்கணக்கு கையில் இருந்தால் வழக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அக்காவும் மகனும் சேர்ந்து, மகன் பெயரில், அவனைப் பற்றிய பதிவுகளைக் கேட்டுப் போலீசுக்கு எழுதினார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். படிவம் வந்தது. சிவப்புப் புள்ளி, மின்பொறி இரண்டுக்கும் நேராக டிக் இருந்தது. காரணம் என்ற இடத்தில் மனநலம் என்றும் குறித்திருந்தார்கள். "என் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தேதானே நீட்டினார்கள்" என்று அக்கா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். எனக்கும் மனசு ஆறவில்லை.

உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி நடந்தால் தேதி, நேரம், இடம், போலீசாரின் தோள்பட்டையில் உள்ள எண் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். போலீசார் சட்டையில் மாட்டிய கேமராவின் வீடியோவைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சாட்சியமாக ஒதுக்கப்படாத வீடியோவைப் பல இடங்களில் 31 நாளில் அழித்துவிடுகிறார்கள், எனவே முதல் வாரத்திலேயே கடிதம் போய்விட வேண்டும். புகாரை முதலில் அந்தப் போலீஸ் படையிடமே கொடுக்கலாம். முடிவு திருப்தி தராவிட்டால் மறுஆய்வு கேட்க வழி இருக்கிறது. அக்காவின் புகார் இப்போது விசாரணையில் இருக்கிறது.